தெருவைப் பார்த்த செருப்பு

அக்கா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தபோது, தம்பி மனைவி குனிந்து அக்காவின் செருப்பைத் திருப்பிவைத்துக்கொண்டிருந்தாள்.

கழற்றிப் போட்டபோது வீட்டைப் பார்த்துக் கிடந்த செருப்பு. இப்போது ஜோடி சேர்ந்து தெருவைப் பார்த்தது.

"ஓஹோ" என்றாள் அக்கா.

வந்தவளின் செருப்பைத் தெருப்பக்கம் திருப்பிவைத்தால் இங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான். கிளம்பு. வாயால் சொன்னால்கூடக் காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருக்கலாம்.

மூன்று வருஷமாக இந்த வீட்டோடு பேச்சுவார்த்தை கிடையாது. அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது தம்பி கடல் தாண்டி மாமனார் வீட்டில் இருந்தான். உடனே வரவில்லை. பிறகு பெண்டாட்டியோடு திரும்பி வந்து ஊரின் மறுகோடியில் வீடு பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்க்க வந்தபோது, அக்கா அவனைப் படியேற விடவில்லை.

இன்றைக்கும் அவளாக வரவில்லை. அம்மா அனுப்பித்தான் வந்தாள். டாக்டர் கைவிரித்த நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரே பேச்சு, மகனைப் பார்க்க வேண்டும். விரட்டி அனுப்பியவனைப் போனில் கூப்பிடுவது அழகில்லை, நீயே நேரில் போய்க் கூட்டிக்கொண்டு வா என்றாள். போனில் கூப்பிட அம்மாவிடம் அவன் நம்பரும் இல்லை. கேட்டபோதெல்லாம் தேடித் தருவதாக அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மலஜலம் அள்ளியது இவள். சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டியது இவள். கடைசியில் அம்மாவின் கண் வாசலிலேயே கிடப்பது அவனுக்காகவா? பஸ்ஸில் வந்த வழியெல்லாம் அக்காவுக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலோடுதான் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். தம்பி மனைவி இரண்டு கையையும் நீட்டிப் பையை வாங்க வந்தபோது பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். தம்பி தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி நின்றுகொண்டு, "என்னக்கா, திடீர்னு?" என்று கேட்டான். அம்மா என்ற சொல் அவள் தொண்டை வரைக்கும் வந்திருந்தது.

அப்போதுதான் வாசலைப் பார்த்தாள்.

"தண்ணி உள்ள இறங்கறதுக்குள்ள வழி காட்டிட்டாளேடா உன் பொண்டாட்டி."

தம்பிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பதறிப்போனான்.

"ஐயோ அக்கா, அவங்க ஊர்ல அது மரியாதை. கிளம்பறப்ப நீ திரும்பாம கொள்ளாம அப்படியே காலை விட்டுக்கலாம்னுதான்..."

"எனக்குத் தெரிஞ்சது நம்ம ஊரு மரியாதை ஒண்ணுதான்."

தம்பி மனைவி எழுந்து நின்றாள். "அண்ணி, உங்களுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"நீ வாயைத் திறக்காதே."

அவள் திறக்கவில்லை. ஆனால் பார்வையை எடுக்கவும் இல்லை. கோபமோ பயமோ காட்டாமல், ஏதோ ஒன்று பிடிபடாதவள் போல அக்காவின் முகத்தையே பார்த்தாள். திமிர் என்று அக்கா முடிவு கட்டினாள்.

தம்பி குறுக்கே வந்து நின்றான். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது.

"இருக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். அவனை ஒதுக்கிவிட்டு வாசலுக்கு வந்தாள். தெருவைப் பார்த்திருந்த செருப்புக்குள் இரண்டு காலும் தாமாகவே போய் உட்கார்ந்தன. கோபித்துக்கொண்டு கிளம்புகிறவளுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

தெருமுனை வரைக்கும் தம்பி வெறுங்காலோடு பின்னால் ஓடி வந்தான். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை தெரிந்தது. பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று அக்கா திரும்பாமல் நடந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அவளுக்கு மனசு லேசாக இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வந்துவிட்டாள். அதுவும் தன்மேல் தப்பில்லாமல்.

போன் அடித்தது. அம்மாவுக்குத் துணையாக விட்டுவந்த பக்கத்து வீட்டுக்காரியின் நம்பர். ஆனால் பேசியது அம்மா.

"சொல்லிட்டியா? வர்றானா?"

"எங்கம்மா சொல்ல விட்டா? நான் உக்காந்த இடம் சூடாகலை, உன் மருமக என் செருப்பைத் தெருப்பக்கம் திருப்பி வெச்சுட்டா. அதுக்கு மேல அங்க இருக்க எனக்கென்ன மானம் ரோஷம் இல்லையா?"

அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா ஒரு வாக்கியத்துக்கு வேண்டிய மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணமான புதுசுல அவங்க வீட்டுக்குப் போனப்ப என் செருப்பையும் அப்படித்தான் வெச்சா. போகச் சொல்றாளேன்னு நான் அழுதேன். நீதானேடி அவகிட்ட போய்க் கேட்டுட்டு வந்து, அவங்க ஊர்ல அது மரியாதைம்மான்னு எனக்குச் சொன்னே?"

பஸ் வந்தது.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே அக்கா ஏறிக்கொண்டாள்.