அஸ்வாங் கழுத்தைக் கடிக்காது

என் புருஷனை மாதா கோயில் வாசலில் கிடத்தியிருந்தார்கள். நான் அழக்கூடாது.

அழுகிறவள் எவளோ அவள்தான் ஹுக்குக்காரன் பெண்டாட்டி என்று பிடித்துப் போக ஜீப் தயாராக நின்றது. அராயத் மலையில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளை எங்கள் பக்கம் ஹுக்குகள் என்போம். போன வாரம் பக்கத்து ஊரில் இரண்டு பெண்கள் அப்படி அழுதார்கள். இன்னும் திரும்பவில்லை.

சில்வெரியோவின் கழுத்தில் இரண்டு ஓட்டைகள். உடம்பில் சொட்டு ரத்தம் இல்லை.

"அஸ்வாங் அடிச்சிருக்கு," என்றான் மணிலாவிலிருந்து வந்த சார்ஜென்ட். "மலையில இருக்கிற ஒருத்தனையும் அது விடாது."

அஸ்வாங் எங்கள் ஊர் ரத்தக்காட்டேரி. ஜீப்பில் உட்கார்ந்திருந்த அமெரிக்கன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கொன்றுவிட்டு அஸ்வாங் மேல் பழி போடும் யோசனை அவனுடையதாகத்தான் இருக்க வேண்டும். அஸ்வாங் கழுத்தைக் கடிக்காது. கூரையிலிருந்து நூல் மாதிரி நாக்கை இறக்கி, பிள்ளைத்தாய்ச்சி வயிற்றில் உறிஞ்சும். கழுத்தைக் கடிப்பதெல்லாம் அவன் ஊர் சினிமாப் பேய். பொய் சொல்வதற்காவது எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எனக்கு ஆறு மாதம். பிள்ளை உதைத்தது. அழுதுவிடாமல் முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டேன்.

மருத்துவச்சி இசாங் அக்கா என்னை மறைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

"அஸ்வாங் அடிச்சதுன்னா இது ஆளே இல்ல தம்பி. ஆளத் தூக்கிட்டுப் போயி, ஒரு வாழத்தண்ட அவன மாதிரியே பண்ணிப் போட்டுட்டுப் போயிரும். வாழத்தண்டுக்கு எவளாவது அழுவாளா?"

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை மாதா மன்னிக்கட்டும்.

சிப்பாய்கள் எங்கள் பக்கத்துப் பையன்கள். சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். அஸ்வாங் இல்லை என்று சார்ஜென்ட்டால் இனிமேல் சொல்ல முடியாது. தூக்கிக்கொண்டு போய் எங்கேயாவது போடுங்கள் என்று கத்திவிட்டு ஜீப்பில் ஏறினான். அப்படித்தான் சில்வெரியோ எனக்குக் கிடைத்தான்.

இசாங் அக்கா வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பாட்டினோம். கழுத்தை என் முக்காட்டுத் துணியால் துடைத்தேன். இரண்டு ஓட்டையிலிருந்தும் நிறமே இல்லாமல் ஏதோ கசிந்தது. தண்ணீர் என்று நினைத்தேன். விரலில் பிசுபிசுத்தது.

பொழுது சாய்வதற்குள் தோப்போரம் புதைத்தோம். சிலுவை நடவில்லை. அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் அந்தத் துணியை ஆற்றில் துவைத்தேன். முந்தின நாள் கசிந்த இடமெல்லாம் கறுத்திருந்தது. சோப்புப் போட்டேன், சாம்பல் போட்டேன், கல்லில் அடித்தேன். ரத்தமென்றால் போயிருக்கும். வாங்கி முகர்ந்து பார்த்த இசாங் அக்கா மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

அது வாழைக்கறை.

என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. அன்றைக்குக் கோயில் வாசலில் நின்ற பெண்களில் பாதிப்பேர் அப்புறம் விதவையாகிக் கறுப்பு உடுத்திவிட்டார்கள்.

நான் இன்னும் உடுத்தவில்லை.