பெட்டி தின்ற யானை

“என்ற பொட்டி ஒரு யானையத் தின்னுடுச்சுங்க, மச்சான்.”

சொல்லிவிட்டுச் சென்னியப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இப்படி ஆரம்பித்திருக்கக் கூடாது.

மேசைமேல் மரப்பெட்டி திறந்து கிடந்தது. பக்கத்தில் மனைவி தெய்வானை. எதிரே அவளுடைய அண்ணன் நாச்சிமுத்து, கையில் வாங்கிய காப்பியைக் குடிக்காமல்.

யானை என்றால் காசில் நிற்கும் யானை. மாமனார் சேர்த்த பழங்காசுகளில் எல்லாவற்றுக்கும் மூத்தது. ஆற்று மணலில் அகப்பட்ட ஈயக் காசு, ஒரே மாதிரி இரண்டு. மகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். நாளை காலை கரூர் நாணயக் கண்காட்சியில், அவருடைய படத்துக்குக் கீழே, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

துடைத்து வைக்கலாமே என்று சற்றுமுன் பெட்டியைத் திறந்தார்.

செப்புக் காசுகளுக்கு நடுவே, யானை இருந்த குழியில் வெள்ளைப் பொடி. பல்பொடி மாதிரி. நடுவில் உளுந்தளவு ஒரு கறுப்புத் துணுக்கு.

அவ்வளவுதான் யானை.

“யாருக்கு வித்தீங்க, மாப்ள?”

நாச்சிமுத்து கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

சென்னியப்பன் ஓய்வுபெற்ற கண்டக்டர். நெரிசலில் பயணிகளின் தோள்மேல் நடந்தே டிக்கெட் கிழித்தவர். அவர் ஊதிய விசிலுக்குப் பக்கத்துத் தண்டவாளத்தில் போன ரயில் நின்றிருக்கிறது. காவிரியில் அவரிடம் சிக்கிய கெளுத்தி, கரைக்கு வந்ததும் முதல் வேலையாக மீசையை முறுக்கியது.

அவர் பேச்சில் ஊர் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளும்.

நாச்சிமுத்து முழுவதையும் தள்ளுவார்.

ஆகவே சென்னியப்பன், வாழ்க்கையில் முதன்முறையாக, உள்ளதை உள்ளபடி சொல்லிப் பார்த்தார்.

“மரம் மூச்சு விடுமாமுங்க. புளிச்ச மூச்சு. பசை, வார்னிஷ் எல்லாமே விடுமாம். பொட்டி இறுக்கமா இருந்தா அது வெளிய போவாம உள்ளயே சுத்துமாம். ஈயத்துக்கு அது ஆகாதுங்க. கண்காட்சிக்காரரு இப்பத்தான் போன்ல சொன்னாரு.”

உண்மை அவருக்குக் கைவரவில்லை. கை தானாக எழுந்து மரத்தின் மூச்சைக் காற்றில் வரைந்தது. புருவம் நெற்றி உச்சிக்கு ஏறியது.

கெளுத்திக் கதைக்கு ஏறிய அதே புருவம்.

“அப்பறம் செப்புக் காசெல்லாம் முழுசாத்தான இருக்குது? அதுங்க பக்கம் வாரப்ப மரம் மூச்சப் புடிச்சுக்கிச்சுங்களா?”

செப்புக் காசுகளின்மேல் பச்சை பூத்திருந்தது. சென்னியப்பன் விரலால் காட்டினார். யாரும் பார்க்கவில்லை.

பெட்டி நாச்சிமுத்துவின் சீர். ஒரே வாகைப் பலகையை அறுத்து, தங்கைக்கு ஒன்று தனக்கு ஒன்று என்று செய்யச் சொன்னவர் அவர். வார்னிஷ் காயும் முன்பே காசுகளை வைத்து மூடினார். எறும்பு நுழையாது, காற்று நுழையாது என்று ஆசாரியைவிட அவர்தான் அதிகம் பெருமைப்பட்டார்.

“நாஞ் செஞ்சு குடுத்த பொட்டி மேலயே பழியப் போடறீங்க. செரி.”

தெய்வானை அந்தப் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருடைய அத்தனை பொய்க்கும் சிரித்தவள் அவள். சிலவற்றுக்கு ‘ஆமாங்க, நானும் பாத்தேன்’ என்று சாட்சி சொன்னவள். ரயில் நின்றதற்குச் சாட்சி அவள்தான்.

“எங்கய்யன் குடுத்ததுங்க அது,” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

நாச்சிமுத்து காப்பியைக் கீழே வைத்தார். துணிப்பையிலிருந்து தன் பெட்டியை எடுத்தார். பிளாஸ்டிக் தாள், அதற்குமேல் சுற்றிச் சுற்றி டேப்பு. ஒருநாளும் திறந்ததில்லை. திறந்தால் காற்றுப் படும், காற்றுப் பட்டால் காசு கெடும்.

“அதே மரம். அதே வார்னிஷு. உங்க கண்ணு முன்னாலயே தொறக்கறேன். யானை நிக்கும் பாருங்க. அப்பறம் வாயத் தொறங்க.”

டேப்பைக் கிழித்தார்.

மூடி வரவில்லை. கத்தியைக் கொடுத்து நெம்பினார்.

ஊறுகாய் ஜாடி திறந்த வாடை.

மூடி இவர்கள் பக்கமாக நிமிர்ந்து நின்றது. உள்ளே இருப்பது நாச்சிமுத்துவுக்கு மட்டுமே தெரியும்.

அவர் பார்த்தார்.

காப்பியில் ஆடை படிந்தது.

யானை இருக்கட்டும் என்று சென்னியப்பன் வேண்டிக்கொண்டார். ஒன்றாவது இருக்கட்டும், அவளுக்கு. இருந்தால் திருட்டுப் பட்டம் தனக்கு என்பது அப்புறம்தான் உறைத்தது. உறைத்த பிறகும் வேண்டுதலை மாற்றவில்லை.

நாச்சிமுத்துவின் கை மூடிமேல் இருந்தது. பாதி மூடினார்.

‘இருக்குது’ என்று ஒரு சொல் போதும். பையில் போட்டுக்கொண்டு எழுந்து போகலாம். கண்காட்சிக்கும் கொடுக்க மாட்டேன் என்றால் யார் கேட்கப் போகிறார்கள்?

“என்னுங்ணா?” என்றாள் தெய்வானை.



சென்னியப்பனுக்கு வாய் நிறையப் பேச்சு இருந்தது. பல்லைக் கடித்து அடக்கினார்.

மூடி பாதியிலேயே நின்றது. பிறகு மெல்லப் பின்னால் சாய்ந்து, முழுவதும் திறந்தது. நாச்சிமுத்து பெட்டியைத் தங்கையின் பக்கம் தள்ளினார்.

“அம்மிணி…”

செருமிக்கொண்டார்.

“மாப்ள சொன்னது நெசந்தான், அம்மிணி.”