அலைமேல் ஒரு முடி

ஜன்னல்களைச் சாத்தி இருட்டாக்கிய, பெரியவர்களுக்கான மாலை ஓவிய வகுப்பில், புரொஜெக்டர் ஒளியில் சுவர் முழுக்கக் கடல் விரிகிறது. எங்கோ இருக்கும் அருங்காட்சியகம் ஒன்று இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவைத்திருக்கும் பழைய ஓவியம். ஓவிய டீச்சர் அதைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறாள். நுரைக்கு நடுவில் ஒரு முடி தெரிகிறது. சுவரில் ஒட்டிய தூசு என்று கையால் துடைக்கிறாள். அது அவள் புறங்கையில் ஏறிப் படுத்துக்கொள்கிறது. கையை எடுத்தால் மறுபடியும் அலைமேல். பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த முடி! முந்நூறு வருடமாக அந்த வண்ணத்துக்குள்ளேயே கிடக்கிறது. திரும்பிப் பார்க்கிறாள். பின்வரிசையில், சற்றுமுன் இதே தப்புக்காக அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பஸ் டிரைவர், தன் படத்தில் ஒட்டிய முடியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறார். "அண்ணே," என்கிறாள் பாதிக் குரலில், "அது அப்படியே இருக்கட்டும்ணே."