நாரைக்குக் கனத்த இடம்

புயலில் குஞ்சுகளைப் பறிகொடுத்த நாரை, நான்கு நாளாக இரை தொடாமல் ஏரிக்கரையில் நின்றது நின்றபடியே இருந்தது. ஆறுதல் சொல்ல வந்த பறவைகள் பேசிப் பேசி அலுத்துப்போயின.

வாலாட்டிக் குருவி மட்டும் ஆறுதல் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து நின்று, நாரையைப் போலவே கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டது.

"கேலி செய்கிறாயா?" என்றது நாரை.

"இல்லையக்கா. உங்களுக்கு எங்கே கனக்கிறதென்று பார்க்கிறேன். கழுத்தில்தானா?"

"இங்கே" என்று, குஞ்சுகளை அணைத்து வைத்திருந்த இறக்கைகளை நாரை மெல்ல விரித்தது. குருவியும் தன் சின்ன இறக்கைகளை விரித்தது. இரண்டும் இப்படியும் அப்படியுமாக அசைந்தன. அசைய அசைய நாரைக்கு அழுகை பொங்கி வந்தது. குருவி நிறுத்தவில்லை, கூடவே அசைந்தது.

வெகுநேரம் கழித்து நாரை இறக்கைகளை மடக்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தது.

"பசிக்கிறது" என்றது.