மிளகாய் அரைத்த கை

"பட்டப்பகல்ல அணைப் பார்க்குல வந்து உக்காந்திருக்குதுக பாரு. ஊட்டுல காலேஜ் போறோம்னு சொல்லியிருக்கும்."

பாலுசாமி பல்லைக் கடித்தார். ஆழியாறு அணைப் பூங்காவில், எதிர் மரத்தடி பெஞ்சில் ஒரு பெண்ணும் பையனும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு டிபன் டப்பா. அதற்கே இவருக்கு இத்தனை ஆத்திரம்.

"சோறுதானுங்க திங்கறாங்க. உங்களுக்கு என்னுங்க?" என்று சொல்லிவிட்டு, வலது கையை ஊதிக்கொண்டாள் அவர் மனைவி பூவாத்தாள்.

காலையில் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்த கை. அநியாயம் செய்தவர்களை அம்மன் கேட்கட்டும் என்று, மிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டு வருவது இந்தப் பக்கத்து வழக்கம். 'இன்னைக்கு அரைச்சே தீருவேன்' என்று அவள் சொன்னதும், பல்லடத்திலிருந்து சந்தோஷமாகக் காரை எடுத்தவர் பாலுசாமி.

சந்தோஷத்துக்குக் காரணம், ஒரே மகள் லோகப்பிரியா. போன வருஷம் வேறு சாதிப் பையனான தமிழ்வேந்தனைக் கட்டிக்கொண்டு, மாலையும் கழுத்துமாக வாசலில் வந்து நின்றாள். "இந்தப் படிய மிதிக்காதே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து மருமகனுக்கு இந்த வீட்டில் பெயர் கிடையாது. வெறும் 'அவன்'தான்.

இப்போது அவளுக்கு ஏழாம் மாசம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு உண்டா இல்லையா என்பது இவர் வாயில் இருக்கிறது. அந்த வாய் மற்ற எல்லாவற்றுக்கும் திறக்கும்.

"நல்லா நைசா அரைச்சியா புள்ள?"

"அரைச்சனுங்க."

"அவன் பேரைச் சொன்னியா?"

"யாரைக் கேக்கோணும்னு ஆத்தாளுக்குத் தெரியுமுங்க. ஸ்ஸ்... எரியுதே!"

சத்தம் கேட்டு எதிர் பெஞ்சுப் பெண் எழுந்து வந்தாள்.

"ஏனுங்கம்மா, கோயில் மொளகாயுங்களா? எங்கம்மாவும் ஒருக்கா அரைச்சுப்போட்டு ராத்திரி பூரா தூங்கலீங்க. பவன், ஓடிப் போயி மோர் வாங்கிட்டு வாயேன்."

பையன் ஓடினான். வந்து, பூவாத்தாளின் கையைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மோரை ஊற்றினான்.

"சித்தெ வெரலை விரிச்சுக்கங்கம்மா. இப்பத் தேவலைங்களா?"

பாலுசாமி முகத்தை அணைப்பக்கம் திருப்பிக்கொண்டார். காது மட்டும் இங்கேயே இருந்தது.

"என்ன படிக்கறீங்க கண்ணு?"

"படிப்பு முடிஞ்சுதுங்கம்மா. ரண்டு பேரும் வேலைக்குப் போறமுங்க. இன்னைக்கு லீவு."

"ஊட்டுல தெரியுமா அம்மணி?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்லோணுமுங்க. அப்பாவ நெனச்சாத்தான் பயமா இருக்குது."

பாலுசாமி செருமினார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

அவர்கள் தங்கள் பெஞ்சுக்குத் திரும்பி டப்பாவைத் திறந்தார்கள். அதற்குள் மூன்று ஆட்கள் அங்கே வந்து நின்றார்கள். ஒருவன் செல்போனை நீட்டிப் படம் பிடிக்க ஆரம்பித்தான்.

"எந்த ஊருடி நீ? உங்கப்பன் நம்பரைச் சொல்லு. டேய், நீ என்ன ஆளுங்கடா?"

பையன் எழுந்து அவளை மறைத்துக்கொண்டு நின்றான். அவள் துப்பட்டாவால் முகத்தை மூடினாள். கை நடுங்கியது.

அந்த நடுக்கத்தைப் பாலுசாமி பார்த்திருக்கிறார். அவர் வீட்டு வாசலில், மாலையைப் பிடித்திருந்த கையில்.

பூவாத்தாள் எழுவதற்குள் அவர் எழுந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டியபடி போனார். குரலில் மரியாதை வழிந்தது. அவருடைய தறிக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், அந்த மரியாதை கூடினால் ஆபத்து.

"ஏனுங்க தம்பி, என்னுங்க வேணும்?"

"பெருசு, நீங்க ஓரமாப் போங்க."

"நான் எங்கீங்க போறது? என்ற மவளும் மாப்பளையும் உக்காந்து சோறு திங்கறாங்க. அந்தப் போன்ல எடுத்தத அழிச்சுப்போட்டுக் கெளம்பறீங்களா, இல்ல நான் வாங்கித் தண்ணியில போடட்டுங்களா?"

படம் பிடித்தவன் அவரையும், பின்னால் வந்து நின்ற பூவாத்தாளையும் பார்த்தான். அவர் கண் முன்னாலேயே அழித்தான். "சாரிங்க... தெரியாமப் போச்சுங்க" என்று மூவரும் நழுவினார்கள்.

அந்தப் பெண் உடைந்து அழுதாள்.

"அழுகாத அம்மணி. நாங்க இங்கதான் இருக்கறோம். சாப்புடு" என்றார் பாலுசாமி.

பெஞ்சுக்கு வந்தபோது, எரியாத கையால் பூவாத்தாள் போனை நீட்டினாள்.

"லோகு பேசறா. இப்ப அங்க சொன்னீங்கல்ல, மவளும் மாப்பளையும்னு? அதைய இங்க ஒருக்காச் சொல்லிப்போடுங்க."

வாங்கினார். காதில் வைத்தார். அந்தப் பக்கம் அழுகை கேட்டது.

"அம்மணி... அழுகாத சாமி. அப்பா நாளைக்கு வாரேன், ஊட்டுக்குக் கூட்டிட்டு வர. மாப்பளை... மாப்பளை பக்கத்துல இருக்கறாருங்களா? அவரையும் பொறப்பட்டு இருக்கச் சொல்லு."

போனை வைத்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்தார். திடீரென்று முகம் வெளிறியது.

"ஏம்புள்ள, அரைச்ச மொளகாய இப்ப என்ன பண்றது? மாப்பளைக்கு ஒண்ணும் ஆயிராதே? இப்பவே திரும்பிப் போயி ஆத்தாகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டு வந்தர்லாம், எந்திரி!"

பூவாத்தாள் கையை ஊதிக்கொண்டே சிரித்தாள்.

"மாப்பள மேல யாருங்க அரைச்சாங்க? நான் அரைச்சது உங்க மேலீங்க."