காலி விடக்கூடாத கட்டம்

அம்மாவின் அறையில் டெலிபோன் மறுபடி அடித்தது. காலையிலிருந்து இது மூன்றாவது முறை.

அவன் எழுந்து போகவில்லை. அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. அந்த அறைக்குள் கால் வைக்க இன்னும் மனம் வரவில்லை. எவனாவது விளம்பரக்காரனாக இருக்கும். முதலில் அந்த இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கணினிப் பக்கம் திரும்பினான்.

அங்கே அதைவிடப் பெரிய தொந்தரவு காத்திருந்தது.

பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனைக்கு அவன் எழுதிக் கொடுத்த நோயாளிப் பதிவேட்டை இப்போது புதிய நிரல்மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தான். தகவலைச் சேமிக்கும் புதிய டேட்டாபேஸ் மென்பொருள் மகா கறார். ஒரு கட்டத்தில் தகவல் கட்டாயம் இருக்குமா, இல்லாமலும் போகலாமா என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாமல் போகலாம் என்றால், அப்போது என்ன செய்வாய் என்று கேட்கும். மென்று முழுங்கினால் நிரலை ஓடவே விடாது. மாமியாரிடம்கூட மழுப்பிவிடலாம், இதனிடம் நடக்காது.

இப்போது அது பிடித்துக்கொண்டிருந்தது, 'உறவினர் தொலைபேசி' என்ற கட்டத்தை. உறவினரே இல்லாதவருக்கு என்ன செய்வாய்?

பழைய நிரலில் என்ன செய்தோம் என்று திறந்து பார்த்தான்.

பழைய பதிவேடு காலிக் கட்டத்தை ஏற்காது. அதனால் சோதனைக்கென்று கைக்கு வந்த ஓர் எண்ணைப் போட்டு அடைத்திருந்தான். 'பிறகு மாற்றவும்' என்று குறிப்பும் எழுதியிருந்தான். மாற்றவே இல்லை. யார் காலியாக விட்டாலும் நிரல் தானாக அந்த எண்ணை நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறது.

அது இந்த வீட்டு எண்.

அந்த எண் உள்ள பதிவுகளை மட்டும் வடிகட்டி எடுத்தான். இருநூற்றுச் சொச்சம். நாதியற்று அங்கே படுத்திருந்த ஒவ்வொருவருக்காகவும் இந்த வீட்டைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பக்கத்தில் இன்னொரு கட்டம்: 'கடைசியில் உடன் இருந்தவர்'. வரிக்கு வரி ஒரே பெயர்.

அம்மாவின் பெயர்.

அடுத்த கட்டம், 'என்ன உறவு'. எண்பத்தோரு வயதுக்காரருக்கு மகள். அறுபதுக்குத் தங்கை. இன்னொரு அறுபதுக்கு அண்ணி. இருபத்திரண்டு வயதுப் பையனுக்குப் பெரியம்மா.

"வேண்டியவங்களுக்கு உடம்பு ரொம்ப முடியலடா, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடறேன்." போன் வந்தால் அம்மா இப்படிச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். ரிசீவரை எடுத்ததும் அவள் முதலில் கேட்பது வயதைத்தான். கல்யாணத் தரகர் தோற்றார் போ என்று அவன் கேலி செய்வான். அவள் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டுவாள்.

முதல் தடவையே ராங் நம்பர் என்று சொல்லி வைத்திருக்கலாம். ஏன் வைக்கவில்லை என்று இனிக் கேட்க ஆளில்லை.

கடைசிப் பக்கத்துக்கு வந்தான். இந்த ஒரு வருடத்தில் பதினேழு பேர். உடன் இருந்தவர், யாருமில்லை. உறவு, எதுவுமில்லை.

பதினேழு பேருக்காகவும் அந்த அறையில் மணி அடித்திருக்கிறது. அடித்து ஓயும்வரை இவன் இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. திரையில் அந்தக் கேள்வி அப்படியே நின்றது.

டெலிபோன் நான்காவது முறையாக அடித்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினான். குடை ஆணியில் தொங்கியது. ரிசீவரில் படிந்திருந்த தூசு கையில் ஒட்டியது.

"ஆஸ்பத்திரியில இருந்து பேசறோம். ஒருத்தருக்கு ரொம்ப மோசமா இருக்கு, காலையில இருந்து கூப்பிட்டுட்டே இருக்கோம். நீங்க அவருக்கு என்ன வேணும்?"

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். மறு கையால் ஆணியிலிருந்து குடையை எடுத்தான்.

"அவருக்கு என்ன வயசுங்க?"