சின்ன டின்

மனித குலம் இதுவரை தோற்ற இடமெல்லாம் அது காத்திருந்த இடம்தான்.

கார் ஷெட்டின் வாசலில் நின்று அவன் இதை அறிவித்தான். ஆதாரம் எதுவும் கையில் இல்லை. ஸ்க்ரூடிரைவர் இருந்தது.

காலடியில் இரண்டு டின்கள். பெரியதில் எபாக்சி, தரைக்குப் பூசுகிற பிசின். சின்னதில் அதை இறுக வைக்கிற மருந்து. இரண்டையும் கலந்துவிட்டால் அரைமணி நேரத்துக்குள் தரையில் ஊற்றிப் பரத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் வாளியிலேயே கல்லாகிவிடும்.

ஜெசிந்தா அக்கா நிமிரவில்லை. தரையின் நடுவில் குந்தியிருந்தாள். கேக் மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சதுரமாக வெட்டி விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“யக்கா, தரைக்கு என்ன புண்ணா? கட்டுப் போடுத?”

“உள்ள ஈரம் இருந்தா தாளுக்கு அடியில வேர்க்கும்ல. காலைல வரைக்கும் பாப்போம்.”

“வேர்க்கும். அப்புறம் தும்மும். கசாயம் வச்சுக் குடுப்பமா?”

அவள் டேப்பை அழுத்தித் தேய்த்தாள்.

இந்த ஷெட்டில் இப்போது கார் இல்லை. சுவரோரம் இரண்டு ஓவன்கள், பழைய போர்வைக்குள். போன தடவை சோதனைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு ஆபீசர் ஷூவால் தரையைத் தேய்த்துக் காட்டினார். சிமென்ட் மாவாகப் பறந்தது. இதில் கேக் செய்து விற்க லைசென்ஸ் கிடையாது என்றுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை மறுபடி வருகிறார்.

அக்கா டீச்சர் வேலையை விட்டாயிற்று. இந்தத் தடவையும் அவர் உதட்டைப் பிதுக்கினால், அதே பள்ளிக்கூட வாசலில் போய் நிற்க வேண்டும்.

அவன் கணக்கு எளிமையானது. இன்று வெள்ளி. இன்றே ஊற்றினால் திங்களுக்குள் இரும்பு. நாளை ஊற்றினால் ஆபீசர் ஷூவைத் தரையிலேயே விட்டுவிட்டுப் போவார்.

அக்காவின் கணக்கும் எளிமையானதுதான். நேற்று ஆசிட் விட்டுத் தேய்த்து, குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவிய தரை இது. ஈரத்தின் மேல் ஊற்றினால் அப்பளம் மாதிரிக் கொப்பளித்து உரிந்து வரும்.

இரண்டு கணக்கும் சரியாக இருந்ததுதான் தொல்லை.

“சுண்ணாம்பு கணக்கா வெள்ளையா கெடக்கு, பாரு.” வெறுங்காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தான்.

“மேல காஞ்சிருக்கு.”

“நீ எப்பவும் இப்படித்தான். கேக்கு வேகும்போது ஓவன் முன்னால குந்திக்கிட்டு மொறைச்சிக்கிட்டே இருப்ப. நீ பாத்தாத்தான் வேகுமோ? நீ அங்கிட்டுத் திரும்புனா கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிருமோ?”

“நடுவுல அமுங்கிரும்.”

“நீ பாக்கலைன்னா?”

“ஆமா.”

இப்படிப்பட்டவர்களோடு அறிவியல் பேச முடியாது.

வெளியே ஆட்டோ ஹார்ன் அடித்தது. சித்தி பேத்திக்குப் பிறந்தநாள். அக்கா கேக் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். கேட் அருகே நின்று திரும்பினாள்.

சண்டைக்கு அவன் தயார். நாலைந்து பதில்கள் நாக்கிலேயே நின்றன.

“ஒன் இஷ்டம்ல,” என்றாள். “ஒனக்குத் தெரியும்.”

ஆட்டோ போய்விட்டது.

நாக்கில் நின்ற பதில்களில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை.

பெரிய டின்னை வாளியில் கவிழ்த்தான். தேன் மாதிரி மடிந்து மடிந்து விழுந்தது. சின்ன டின்னின் மூடியை நெம்பினான். நெடி மூக்கில் ஏறியது.

சாய்த்தான்.

மருந்து விளிம்பு வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது.

ஒனக்குத் தெரியும்.

என்ன தெரியும்?

தரையின் நடுவில் அந்தச் சதுரம் பளபளத்துக்கொண்டு கிடந்தது. எப்படியும் அதைப் பிய்த்தால்தான் ஊற்ற முடியும். டின்னை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனான். டேப்பின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தான்.

தாளில் ஒரு மூலை மங்கியிருந்தது.

ரூபாய்க் காசு அளவுக்கு. பனி மாதிரி.

குனிந்து பார்த்தான். பனி பெரிதானது. இன்னும் குனிந்தான். இன்னும் பெரிதானது.

விரலால் துடைத்தான். போய்விட்டது.

அவன் மூச்சுதான்.

தாளுக்கு அடியில் ஒன்றும் இல்லை. ஒரு பொட்டு ஈரம் இல்லை. அவன் சொன்னதுதான் சரி. “பாத்தியா,” என்றான் உரக்க. போர்வைக்குள் இருந்த ஓவன்கள் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போதைக்கு இல்லை. அவ்வளவுதான்.

எழுந்து போய்ச் சின்ன டின்னைத் தூக்கினான். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு மூடியை வைத்து, உள்ளங்கையால் சுற்றிச் சுற்றிக் குத்தி இறுக்கினான். வாளியின் மேல் ஒரு அட்டையைப் போட்டான்.

அக்கா விட்டுப்போன தாள் சுருளை எடுத்தான். நேற்று தண்ணீர் தேங்கி நின்ற மூலை ஒன்று உண்டு. அங்கே ஒரு சதுரம் விரித்தான். டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து, நாலு ஓரமும் ஒட்டினான். அழுத்தித் தேய்த்தான்.

அதன் முன்னால் குந்தினான்.

மூச்சுப் படாமல் இருக்க, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

வெயில் ஷெட்டுக்குள் வந்து, திரும்பிப் போனது.

தெருவில் ஆட்டோ வந்து நின்றது. கேட் திறந்தது. செருப்புச் சத்தம் வாசல் வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது.

அவன் திரும்பவில்லை.

திரும்புகிற அந்த நேரம் பார்த்து வேர்த்துவிட்டால்?